மனுதாரர் தரப்பு திருப்தி

கீழ்பென்னாத்தூர்
26.10.2025, ஞாயிறு

என் அருணா அக்காவுக்கு,

கவிநிலா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் தொண்டைக்கட்டு விட்டதா? மாத்திரையை நம்பாதே, மிளகு ரசம் வைத்துக் குடி.

தீபாவளிக்கு வந்திருந்தபோது காலாண்டு மார்க் என்ன என்று அம்மா கேட்டதற்கு, "இன்னும் பேப்பர் குடுக்கலம்மா" என்றேன் இல்லையா? அது பொய். எல்லாப் பேப்பரும் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் பத்தொன்பது. பெங்களூருவில் சித்தாள் வேலையை விட்டுவிட்டு இரண்டே நாள் வந்தவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பத்தொன்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் பேனரைப் பார்த்திருப்பாய், ஆறு வருடமாகப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதைக் காப்பாற்றுவதற்காகக் கணக்கில் முப்பத்தைந்து வாங்காத பதினோரு பேரைப் பிரித்து, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்க வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை எச்.எம். மேடம் வந்து, "உங்களால இந்த ஸ்கூல் பேரு கெடக் கூடாது. வீட்ல சொல்லி டி.சி. வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதுங்க, யாரு வேணான்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அப்பா ஊரில் இல்லாததால் என் பாதுகாவலர் என்று பள்ளியில் உன் பெயர்தான் இருக்கிறது. உனக்குக் கூடிய சீக்கிரம் போன் வரும்.

ஹாஸ்டலில் போன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். கடிதத்தையும் வார்டன் பிரித்துப் படிக்கிறார். அதனால் பதிலை தேவிப்ரியா வீட்டு விலாசத்துக்குப் போடு. அவளும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. வீடு ஹாஸ்டலுக்குப் பின் தெருவிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடும் ஒரு மணி நேரத்தில் போய் வாங்கிக்கொள்வேன்.

அக்கா, நான் நிஜமாகவே மக்கா? உன்னிடம்தான் கேட்க முடியும். பொய் சொல்லாமல் எழுது.

உன் தங்கை,
கவி


வேங்கிக்கால்
30.10.2025

கவி பாப்பாவுக்கு,

அக்காவின் முத்தங்கள். தொண்டை சரியாகிவிட்டது, ரசம் வைத்ததாகவே நினைத்துக்கொள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தீபாவளிக்குப் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

உன் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டு டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. நீ மக்கு இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்: நீ மக்கு இல்லை. நீ பாஸ் பண்ணுவாய்.

வராந்தாவில் உட்கார வைக்க அந்த அம்மாவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உன் அக்கா எங்கே வேலை செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பள்ளிக்கூடங்களைப் பற்றி வரும் புகாரை எல்லாம் வாங்கி, பதிந்து, நம்பர் போடுகிற மாணவர் மனுப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது நான்தான். மூன்று வருடமாகத் தற்காலிகம்தான், ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பிக்க வேண்டும். ஆனாலும் என் கையைத் தாண்டாமல் ஒரு மனுவும் உள்ளே போகாது.

ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுது. அழுகையெல்லாம் வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் என்ன சொன்னார், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளையும் கையெழுத்துப் போடச் சொல். எனக்கு அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

அக்கா


கீழ்பென்னாத்தூர்
9.11.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். சாப்பாடு எப்போதும் போல, சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம். உன் "மக்கு இல்லை"யை மட்டும் கத்தரித்துக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். பைத்தியம் என்று சிரிக்காதே. தினமும் நோட்டைத் திறக்கும்போது அதைப் படித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறேன்.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று முறை அடித்து எழுதினேன். கையெழுத்து என்னுடையது மட்டும்தான். மற்ற பத்துப் பேரையும் கேட்டேன். ஒருத்தி அப்பா அடிப்பார் என்றாள். ஒருத்தி பேனாவை வாங்கிப் பேர் எழுதிவிட்டு அப்புறம் அடித்துவிட்டாள், அதனால்தான் அந்தத் தாளை மாற்றினேன். தேவிப்ரியா, "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? மண்டையில ஏறல, போயிட்டுப் போறேன். நீ ஜாஸ்தி பேசி மாட்டிக்காத" என்கிறாள். போன வருடம் வரை வகுப்பில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் அவள். இரண்டு வாரம் வராந்தாவில் உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வதையே அவளும் சொல்கிறாள்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் இருக்கிறது. நீ இருக்கிறாய் என்பதால்தான் கையெழுத்துப் போட்டேன்.

கவி


வேங்கிக்கால்
14.11.2025

என் கவிக்கு,

நான் நலம். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, துணி காயவில்லை. உனக்கு சளி கிளி இல்லையே?

உன் மனு நேற்றுப் பதிவாகிவிட்டது. என் கையால் நம்பர் போட்டேன், 718. எங்கள் சூப்பிரண்டு முருகவேல் சார் படித்துவிட்டு, "யாரும்மா இந்தப் பொண்ணு? நம்ம ஆளுங்களவிட நல்லா எழுதியிருக்கு" என்றார். என் தங்கை என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். முப்பது நாளில் பதில் கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

நீ கணக்கை மட்டும் பார். நேரில் பார்க்கும்போது கட்டிப் பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா


கீழ்பென்னாத்தூர்
23.11.2025

அக்காவுக்கு,

நீ நலமா? என்னைப் பற்றிக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

வியாழக்கிழமை எச்.எம். மேடம் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கையில் என் மனு. நகல்தான், ஆனால் என் எழுத்து. எல்லா டீச்சரும் இருக்கும்போது முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். "அவமானமாக இருக்கிறதுன்னு எழுதியிருக்கியே, கணக்குல பத்தொம்பது வாங்கினப்ப எங்க போச்சு அந்த அவமானம்?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிவப்புப் பேனாவால் என் எழுத்துப் பிழைகளை எல்லாம் சுழித்து, நகலைத் திருப்பிக் கொடுத்து, "மொதல்ல இத பத்து தடவ எழுதிட்டு வா" என்றார். எழுதினேன் அக்கா. என் புகாரையே பத்து முறை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். உன்னிடம் கொடுத்த மனு அவர் கைக்கு எப்படிப் போனது? ஆபீஸில் யாரோ உனக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடி. முருகவேல் சாரிடம் சொல்.

இந்த முறை பதில் சீக்கிரம் போடு. தினமும் பள்ளியில் தேவிப்ரியாவிடமும் அவள் தங்கையிடமும் தபால் வந்ததா என்று கேட்கிறேன்.

கவி


வேங்கிக்கால்
8.12.2025

அன்புள்ள கவிநிலாவுக்கு,

நலமா? பனி இறங்கிவிட்டது, காதைக் கட்டிக்கொள். உனக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது. கார்த்திகை தீபத்துக்கு எங்களையும் டியூட்டி போட்டுவிட்டார்கள். கிரிவலப் பாதையில் தகவல் கூடாரத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, தொலைந்த பிள்ளைகள் பெயரை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் குரல் திரும்பவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் ஒரு பிள்ளையைக்கூட விடாமல் எல்லாரையும் அம்மா அப்பாவிடம் சேர்த்துவிட்டோம்.

உன் மனு மேலே போயிருக்கிறது. கவலைப்படாதே. இதெல்லாம் மெதுவாகத்தான் நகரும். எச்.எம். மேடமும் நீ நினைப்பது போல அவ்வளவு மோசம் இல்லை, பேசினால் தன்மையாகத்தான் பேசுகிறார். பெரியவர்களை எதிர்த்துக்கொள்ளாமல் கொஞ்ச நாள் அமைதியாக இரு. ஒரு வருடம் முன்னே பின்னே ஆனாலும் வாழ்க்கை ஒன்றும் ஓடிப்போய்விடாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


கீழ்பென்னாத்தூர்
14.12.2025

அக்காவுக்கு,

நலம். உன் குரல் வந்துவிட்டதா?

அரையாண்டு நடக்கிறது. கணக்கு முடிந்துவிட்டது. கணக்கு எடுக்கும் கண்ணாயிரம் சார் வராந்தாவுக்கு வருவதில்லை என்பதால் நானாகவே போன வருடத்துக் கேள்வித்தாள்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். காலை நாலரைக்கு எழுந்து குளியலறை விளக்கில் படிக்கிறேன். இந்த முறை பேப்பரில் வெள்ளை இடமே விடவில்லை.

தேவிப்ரியா நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜவுளிக் கடையில் சேர்ந்திருக்கிறாள். பதினோரு பேரில் இப்போது நாங்கள் நான்கு பேர்தான்.

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். எச்.எம். மேடம் தன்மையாகப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அவரை நீ எப்போது பார்த்தாய்? என்ன பேசினீர்கள்? மனு அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டிருந்தேன், அதற்கு ஒரு வரிகூட இல்லையே. ஒரு வருடம் முன்னே பின்னே என்றால் என்ன அர்த்தம்? யாருக்கு ஒரு வருடம்?

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கவி


வேங்கிக்கால்
20.12.2025

கவிக்கு,

நலம், நலமறிய ஆவல். எச்.எம். மேடம் போனில் பேசினார், வேறொன்றும் இல்லை. சின்ன விஷயத்தை எல்லாம் துருவாதே. ஜனவரி வருவதால் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. அரையாண்டு லீவுக்கு இங்கே வர வேண்டாம், என்னோடு அறையில் இருப்பவளின் உறவுக்காரர்கள் வருகிறார்கள். நேராக அம்மாவிடம் பெங்களூருவுக்குப் போய்விடு. பஸ் ஏற்றிவிட வர முடியாது, யாருடனாவது போ. சால்வையை அப்புறம் தருகிறேன்.

எதைச் செய்தாலும் உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று மட்டும் நம்பு.

அருணா


கீழ்பென்னாத்தூர்
11.1.2026

அக்காவுக்கு,

அம்மா நலம். கை முழுக்க சிமெண்ட் வெடிப்பு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

கணக்கில் நாற்பத்து மூன்று. நம்பு, நாற்பத்து மூன்று. கண்ணாயிரம் சார் பேப்பரை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?" என்று கேட்டார். "செவுருதான் சார்" என்றேன். அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். உனக்கு எப்படிச் சொல்லலாம் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பொதுத்தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியலை வகுப்பில் வாசித்தார்கள், பிழை இருந்தால் திருத்த. என் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று எழுந்து நின்றேன். கண்ணாயிரம் சார் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "உனக்குத் தெரியாதாம்மா? உங்கக்கா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களே" என்றார். நான் நம்பவில்லை. ஆபீஸ் அறைக்குக் கூட்டிப் போய் ஃபைலைக் காட்டினார். நான் சொந்த விருப்பத்தில் இந்த வருடம் தேர்வு எழுதவில்லை, கல்வியாண்டு முடிவில் டி.சி. வாங்கிக்கொள்ள எனக்குச் சம்மதம், 718ஆம் நம்பர் மனுவில் மனுதாரர் தரப்பு திருப்தி அடைந்ததால் மனு முடிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. கீழே "பாதுகாவலர், ப. அருணாதேவி". தேதி நவம்பர் இருபத்தேழு. அதற்குப் பதினோரு நாள் கழித்துத்தான், மனு மேலே போயிருக்கிறது என்று நீ எனக்கு எழுதினாய்.

அது உன் கையெழுத்து இல்லை என்று சொல். யாரோ போட்டது என்று சொல். நம்பிக்கொள்கிறேன்.

உன்னுடையதுதான் என்றால் ஒன்று செய். மாதக் கடைசிக்குள் பட்டியலைத் திருத்த வழி இருக்கிறதாம். "கையெழுத்துப் போட்டவங்களே, புள்ளையக் கேக்காம போட்டேன்னு எழுதிக் குடுத்தா சேத்துடலாம். நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றார் சார். ஒரே ஒரு வரி எழுதிக் கொடு அக்கா. மார்ச்சில் நான் பரீட்சை எழுத வேண்டும்.

கவி


வேங்கிக்கால்
19.1.2026

கவி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பொங்கல் முழுக்க இந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து மூன்று என்று படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

என் கையெழுத்துதான். நவம்பர் இருபத்தேழாம் தேதி உன்னைக் கேட்காமல் போட்டேன்.

உன் மனுவை யாரும் திருட்டுத்தனமாகக் கொடுக்கவில்லை. யார் மேல் புகாரோ அவரிடமே அறிக்கை கேட்டு அனுப்புவதுதான் எங்கள் நடைமுறை. கவரில் விலாசம் ஒட்டியது நான்தான். மூன்று வருடமாக எத்தனையோ பிள்ளைகளின் மனுவை அப்படி அனுப்பியிருக்கிறேன், அது என்னவாகிறது என்று யோசித்ததே இல்லை. உன் மனுவை மட்டும் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை, உன்னிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

எச்.எம். மேடம் ஆபீஸுக்கே வந்துவிட்டார். பாதுகாவலர் பெயரைப் பார்த்து நீ என் தங்கை என்று தெரிந்துபோயிற்று. முருகவேல் சார் கதவைச் சாத்திவிட்டு, "ஏம்மா, இங்க சம்பளம் வாங்கிக்கினு இங்கயே மனு குடுக்க வெக்கிறியா? ஜனவரில ரினிவல் இருக்குது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். வாசகத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். "திருப்தி" என்று அடிக்கும்போது கை நிற்கவில்லை. அடித்துப் பழகிய சொல் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் பயந்து மட்டும் போடவில்லை. நீ பாஸ் பண்ணுவாய் என்று நான் நம்பவில்லை. பத்தொன்பது எங்கே, முப்பத்தைந்து எங்கே? எப்படியும் ஃபெயில் ஆகப்போகிறவள் ஊர் பார்க்க ஃபெயில் ஆவானேன், ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும் என்று நினைத்தேன். உனக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அப்படியெல்லாம் எழுதினேன்.

நீ கேட்ட ஒரு வரியை மட்டும் எழுதித் தர முடியாது. தந்தால் மறுநாளே என்னை அனுப்பிவிடுவார்கள். போன வாரம்தான் புதுப்பித்தார்கள். நான் வேலையில் இருந்தால்தானே அம்மா இன்னும் இரண்டு வருடத்தில் செங்கல் தூக்குவதை நிறுத்த முடியும்? அடுத்த வருடம் நானே உன்னைப் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். என்னை வெறுத்துவிடாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அக்கா,
ப. அருணாதேவி


கீழ்பென்னாத்தூர்
22.1.2026

அருணாதேவி அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இந்த முறை மனம் வரவில்லை.

எழுதித் தர முடியாது என்று சொல்லவே மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதெல்லாம் அதிலேயே இருக்கிறது. தேதி இருக்கிறது, என்னைக் கேட்கவில்லை என்பது இருக்கிறது, யார் சொல்லச் சொல்ல அடித்தாய் என்பது இருக்கிறது, கடைசியில் இனிஷியலோடு உன் கையெழுத்தும் இருக்கிறது. பழக்க தோஷம் போலிருக்கிறது, இத்தனை வருடத்தில் எந்தக் கடிதத்திலும் நீ எனக்கு இனிஷியல் போட்டதில்லை. அதை நான் கிழிக்கவில்லை. நோட்டில் ஒட்டி வைத்திருந்ததைத்தான் கிழித்தேன். எச்.எம். மேடம் என்னை என்ன சொன்னாலும் வலிக்காமல் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். விடியக்காலையில் எழுந்து படித்ததும் அதை நம்பித்தான். எழுதியவளே நம்பவில்லை என்று எனக்குத் தெரியாது.

செவ்வாயன்றே தேவிப்ரியாவின் தங்கை உன் கடிதத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள், பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போய், தேவிப்ரியா புதிதாக வாங்கிய போனில் அம்மாவிடம் பேசினேன். நேற்று வந்து, ஹாஸ்டலில் சொல்லி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில், "அவ வேல போயிடுமேடி" என்றுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சோறு வடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான், "உன் பரீட்ச என்னிக்கி?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி, எழுது" என்றாள். இரவு முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தாள், பாவம்.

மறுபடியும் மனு எழுதிவிட்டேன். உன் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். இந்த முறை எச்.எம். மேடத்திடமே அனுப்பி முடித்துவிட முடியாது, ஒரு பிரதி பதிவுத் தபாலில் சென்னையில் இருக்கும் தேர்வுத் துறைக்குப் போய்விட்டது. என் பெயர் பட்டியலில் ஏறுமா என்று தெரியாது. உன் வேலை போகலாம் என்று தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். மறைத்துச் செய்ய எனக்கு வரவில்லை, அதனால் உனக்கு முன்கூட்டியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை குடியரசு தினம், லீவு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அம்மாவும் வேங்கிக்காலில் உன் ஆபீஸுக்கு வருகிறோம். வரிசையில்தான் நிற்போம். என் முறை வந்து உன் முன்னால் நின்றதும் எழுந்து நிற்காதே, அழாதே, சாப்பிட்டாயா என்று கேட்காதே. எல்லாரிடமும் கேட்பது போல, மனுதாரர் பெயர் என்ன என்று கேள்.

சொல்கிறேன்.

ப. கவிநிலா